எண்ணெய்த் தலையும் மிஸ்டு காலும்

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கை கண்ணை மூடியபோது என் கையில் விட்டுப் போனவை. ஆறு பேரும் ஆளாகிற வரைக்கும் ஒருத்தர் வாசலில் போய் நின்று “எனக்கு இதைச் செய்யுங்கள்” என்று நான் கேட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

அப்பேர்ப்பட்ட நான் இந்தச் சாரல் காலத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தென்காசியில் எங்கள் தெருவிலேயே இருக்கிற என் நாத்தனார் சண்முகத்தம்மாள் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு அட்டை. அட்டையில் ஒரு போன் நம்பர். மேலே தூறல். உள்ளே டிவியில் யாரோ ஒரு மாமியார் யாரையோ பிடித்து வைதுகொண்டிருந்தாள்.

அந்த வாசலில் நான் கடைசியாக நின்றபோது என் மூத்த மகனுக்கு அரைக்கால் சட்டை. இப்போது அவனுக்கு மீசை நரைத்துவிட்டது.

நான் நின்றது ஓட்டுக் கேட்க. கட்சி ஓட்டு இல்லை. டிவியில் பாட்டுப் போட்டியில் நின்ற என் மருமகள் மாரிச்செல்விக்கு ஓட்டு. அன்றைக்கு ராத்திரிக்குள் ஓட்டு விழாவிட்டால் அவள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

யார் எழுதுகிறார்கள்?

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதி வந்ததை வாசித்துவிட்டு சிவகிரியிலிருந்து ஒரு அம்மாள் போன் போட்டு, “ஆச்சி, இதை நீங்களே எழுதுதியளா, இல்ல யாராச்சும் எழுதிக் குடுக்காவளா?” என்று கேட்டாள்.

எழுத்துக் கூட்டி பஸ் போர்டு வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன், அதுவும் நிதானமாக. அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது மாரிச்செல்வியின் மகள், என் பேத்தி அபி. பதினொன்றாம் வகுப்பு. என் பேச்சை அவள் பத்திரிகைத் தமிழாக மாற்றிவிடுவாள். எழுதி முடித்ததும் திரும்ப வாசிக்கச் சொல்வேன். எனக்குப் பிடிக்காததைச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்வேன். ஆகவே எழுதுவது நான்தான்.

கடை டிவி

குற்றாலம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு இட்டிலிக் கடை உண்டு. நான் ஆரம்பித்தது. இப்போது இரண்டாவது மகன் கணேசனும் மாரியும் பார்க்கிறார்கள். நான் கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறவர்களுக்கு இட்டிலி ஆறும் வரைக்கும் பார்க்க ஏதாவது வேண்டும் என்று கணேசன் சுவரில் ஒரு டிவியை மாட்டிவிட்டான்.

காலையில் நியூஸ் ஓடும். நாலு பேரைக் கட்டம் கட்டி உட்காரவைத்திருப்பார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இங்கே சாப்பிடுகிறவர்களும் அதைப் பார்த்து இரண்டு கட்சியாகி, சாம்பார் ஆறிப்போகும். அதனால் கட்சிப் பேச்சு வந்தால் சத்தத்தை அடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சத்தம் இல்லாமல் பார்த்தால் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே மாதிரிதான் கையை ஆட்டுகிறார்கள்.

தேர்தல் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். நான் கேட்டுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசுவேன். தண்ணீர் கேட்டால் கொடுப்பேன். உள்ளே கூப்பிட்டதில்லை. யாருக்குப் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கே சொன்னதில்லை.

ராத்திரியில் கிரிக்கெட். கணேசன் பந்து போடுகிறவன் கையைப் பார்த்துக்கொண்டே தோசையைக் கருக்குவான். எனக்கு அந்த ஆட்டம் பிடிபடவில்லை. பாதிப் பேர் சும்மா நிற்கிறார்கள். கபடி எனக்குப் பிடிக்கும். கோட்டைத் தாண்டிப் போகிறவன் தனியாகப் போகிறான், விட்ட மூச்சை இழுக்காமல் பாடிக்கொண்டே திரும்பி வருகிறான். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பார்க்கிறவனுக்குப் புரிகிற ஆட்டம்.

மாரியின் குரல்

மாரிச்செல்வி மாவாட்டும்போது பாடுவாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே போகாது அந்தக் குரல். அதற்கு அடியில் ஓடும். கிரைண்டரை நிறுத்தினால்தான் இவ்வளவு நேரம் ஒருத்தி பாடியிருக்கிறாள் என்றே தெரியும். நிறுத்தியதும் வெட்கப்பட்டு அவளும் நிறுத்திவிடுவாள்.

அபிதான் அம்மாவுக்குத் தெரியாமல் போனில் பதிந்து, குடும்பத் தலைவிகளுக்கான போட்டி என்று விளம்பரம் போட்ட ஒரு டிவிக்கு அனுப்பிவிட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். மாரி என்னிடம் வந்து நின்றாள்.

“அத்தை, போகட்டுமா?”

“கடையை யாரு பாப்பா?”

“நீங்க பாப்பிய.”

“அப்புறம் எதுக்குக் கேக்க? போ.”

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்த டிவிக்காரப் பையனுக்கு இது போதவில்லை.

“பாட்டி, நீங்க முதல்ல பாடக் கூடாதுன்னு மருமகளைத் திட்டினீங்க, அப்புறம் டிவியில பார்த்து மனசு மாறிட்டீங்க. அப்படிச் சொல்லுங்க” என்றான்.

“நான் எப்பம்லே திட்டினேன்?”

“சும்மா ஒரு கதைக்குப் பாட்டி.”

“ஒன் கதைக்கு நான் வைய மாட்டேன். வையணும்னா ஒன்னைத்தான் வையணும்.”

“அழவாவது செய்யுங்க பாட்டி.”

“வெங்காயம் உள்ள இருக்கு. நீ உரி, நீ அழு.”

கடைசியில் நான் இட்டிலித் தட்டில் மாவு ஊற்றுகிற கையை மட்டும் காட்டினார்கள். பின்னால் வயலின். முகம் வரவில்லை. வளையல் நன்றாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

மாரி மெட்ராசில் தங்கி, வாராவாரம் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டிக்கொண்டே வந்தாள். அதுவரை நடுவர்கள் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜனங்கள் ஓட்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் ஒரு ஓட்டு. திங்கட்கிழமை ராத்திரியோடு சரி.

பார்த்தால், அதே ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் கடைசி ஆட்டம். எங்கள் தெருவில் நான் எட்டிப் பார்த்த ஒரு வீட்டிலும் மாரி ஓடவில்லை. நான் நடந்து போய்ப் பார்த்தேன். சன்னலுக்குச் சன்னல் பச்சைப் புல்தான் தெரிந்தது. கணேசனே விளம்பர இடைவேளையில்தான் பெண்டாட்டியைப் பார்த்தான்.

ராத்திரி மாரி போன் போட்டாள்.

“அத்தை, தேறாது போல. மத்தவளுவளுக்கு ஊரே ஓட்டுப் போடுதாம்.”

“நம்ம ஊரு என்ன காடா?”

“யாருகிட்டயும் போய்க் கேக்காதிய. ஒங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.” பிறகு சொன்னாள்: “இன்னும் ஒரே ஒரு பாட்டு வச்சிருந்தேன் அத்தை. அதைப் பாடிட்டு வந்துட்டாப் போதும்னு நெனச்சேன்.”

அந்த ஒரே ஒரு பாட்டு என்கிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்தால் வீடு தருகிறார்கள், கார் தருகிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். இவள் கேட்டது ஒரு பாட்டு.

அருவியில் ஓட்டு

மறுநாள் காலையில் அபியிடம் அட்டையில் நம்பரைப் பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டு எங்கள் தெருவில் இறங்கினேன். எல்லாரும், “ஆகட்டும் ஆச்சி, ஒங்களுக்கு இல்லாமலா?” என்றார்கள். நான் அந்தப் பதிலை வாழ்நாள் முழுக்க ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

சரி, கூட்டம் இருக்கிற இடத்துக்குப் போவோம் என்று குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்தேன். சீசன். அருவிக்குப் போகிற வழியெல்லாம் தலை. சுக்குக் காப்பி, நேந்திரங்காய் சிப்ஸ், ஈரத் துணி வாடை. இத்தனை ஜனம் ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலே மாரியை அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

நான் போய் நின்ற இடம்தான் தப்பு. எண்ணெய் தேய்க்கிற இடம். அங்கேதான் ஜனங்கள் அவசரமில்லாமல் இருப்பார்கள் என்று நானாகக் கணக்குப் போட்டேன். அவசரமில்லைதான். பலகையில் குப்புறப் படுத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள். ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

“போடுதேன் ஆச்சி. ஆனா கையைப் பாருங்க” என்றார் ஒருத்தர். விரல் ஐந்திலும் எண்ணெய் சொட்டிற்று.

இன்னொருத்தர் போன் லாட்ஜில் இருந்தது. மூன்றாவது ஆள் கேரளத்துக்காரர். அவர் எண்ணெய்க் கையோடு போனைத் தொட, அது எந்த நம்பரையும் வாங்காமல் படம் படமாக மாறிக்கொண்டே போயிற்று. கடைசியில் யாரோ அவர் மச்சினனுக்குப் போன் போய்விட்டது. அவர் அவனோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

“குளிச்சிட்டு வந்து போடுதோம்” என்று போனவர்கள் அருவியில் நனைந்து வந்தபோது என்னையே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். அருவிக்கு அந்தக் குணம் உண்டு.

எண்ணெய் தேய்க்கிற மாசானம் எங்கள் கடையில் தினமும் சாப்பிடுகிறவன். அவன் சிரித்துவிட்டான்.

“ஆச்சி, ஒங்க ஓட்டு பூரா வழுக்கிக்கிட்டுல்லா போவுது!”

“நீ போட்டியாலே?”

“எங்கையி காயுததே ராத்திரிதான். காஞ்சதும் போடுதேன். நான் ஒண்ணு கேக்கட்டா? ஒங்க தெருவுல கவுன்சிலர் வீட்டை வச்சுக்கிட்டு இங்கன வந்து ஏன் நனையுதிய? அவரு ஒரு வார்த்தை சொன்னா வார்டே போடுமே.”

கவுன்சிலர் முருகேசன், சண்முகத்தம்மாளின் மகன். எனக்கு மருமகன் முறை. காலையில் தெரு முழுக்க ஏறி இறங்கிய நான் தாண்டிப் போன ஒரே வீடு அது.

பழைய சுவர்

எங்கள் தெருவில் முதலில் டிவி வந்தது சண்முகத்தம்மாள் வீட்டில்தான். மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்ப ஒரு ஆள், “வந்துட்டு, வந்துட்டு, போயிட்டு” என்று கத்த ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு என் ஆறு பிள்ளைகளையும் தலைவாரிக் கூட்டிப் போவேன். வாரினால் எண்ணெய் வைக்காமல் இருக்குமா? சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

படம் பாதியில் சண்முகத்தம்மாள், “எண்ணெய்த் தலையோட சொவத்துல சாயாதிய, பிள்ளைகளா” என்றாள். ஆறு முதுகும் சட்டென்று நிமிர்ந்தது. அந்த ஆறு முதுகும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் எழுந்தேன். பிள்ளைகளும் எழுந்தார்கள். அப்புறம் நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை. கல்யாணம், கருமாதி என்றால் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்போம். பேச்சுக் கிடையாது. பிறகு நானும் டிவி வாங்கினேன். அவளுடையதைவிடப் பெரிது.

அந்த வாசலுக்குத்தான் ஆட்டோவை விடச் சொன்னேன்.

உள்ளே

“யாரது வாசல்ல நிக்கது?”

“நாந்தான்.”

“நாந்தான்னா?” கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். “மைனியா? உள்ள வாங்க, நனையுதியளே.”

“உட்கார வரலை. ஒண்ணு கேக்க வந்தேன்.”

“வாசல்ல வச்சுக் கேட்டா எனக்குக் கழுத்து வலிக்கும். நீங்க நெட்டை. உள்ள வந்து கேளுங்க.”

செருப்பைக் கழற்றினேன். கபடிக்காரன் கோட்டைத் தாண்டுகிற மாதிரி நிலைப்படியைத் தாண்டினேன். நெசமாகவே மூச்சு விடவில்லை.

“மாரிக்கு ஓட்டு வேணும்” என்றேன். அந்த வீட்டில் இந்த வாயால் நான் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“அந்தப் பாட்டுக்கா? வாராவாரம் பாக்கேனே. நேத்துக்கூட முருகேசன் கிரிக்கெட்டு கிரிக்கெட்டுன்னு துள்ளினான். ரிமோட்டைக் குடுக்கலையே நான். ரெண்டாவது பாட்டுல மாரிக்கு மூச்சு வாங்கிச்சு, கவனிச்சியளா? மெட்ராசுத் தண்ணி சேரலை போல.”

தெருவிலேயே மாரியைப் பார்த்த ஒரே டிவி இந்த டிவிதான்.

“அப்ப ஓட்டுப் போட்டுட்டியா?”

“போடலை.”

“ஏன்?”

“எங்கிட்ட யாரு கேட்டா? காலையில அட்டையைத் தூக்கிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போனிய. எங்க வீட்டைத் தாண்டித்தானே போனிய? சன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. “எண்ணெய்த் தலையோட சாயாதியன்னு எம்பிள்ளைகளைச் சொன்னவதானே நீ?”

“எப்பம்?”

“டிவி வாங்கின புதுசுல.”

“எந்தச் சொவத்துல?”

காட்டினேன். அங்கே அந்தச் சுவரே இல்லை. இடித்துக் கட்டி, இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சண்முகத்தம்மாள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

“நெசமாட்டு நெனவில்லை மைனி. சொல்லியிருப்பேன். புதுசா வெள்ளையடிச்சிருப்போம். சொல்லக்கூடிய ஆளுதான் நான். அதுக்காகவா இத்தனை வருசம்? அண்ணன் சாவுக்கு நான் அழுதது பத்தலைன்னு கோவமோன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

“அவுக சாவுக்கு நீ நல்லாத்தான் அழுத.”

“ஆமா, நல்லாத்தான் அழுதேன்” என்றாள் அவளும்.

முருகேசன் உள்ளேயிருந்து போனோடு வந்தான். “அத்தை, நீங்களா! நம்பரைச் சொல்லுங்க, இப்பமே குரூப்புல போட்டுருதேன்.” அட்டையைத் திருப்பினேன். அருவிச் சாரலில் பேனா மை கரைந்து, எட்டும் மூன்றும் ஒன்றாகக் கிடந்தன.

சண்முகத்தம்மாள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே பத்து இலக்கத்தையும் கடகடவென்று சொன்னாள். “நேத்துலருந்து டிவியில கீழ ஓடிக்கிட்டேல்லா இருக்கு” என்றாள். முதல் மிஸ்டு கால் அவள் கொடுத்தது. ஒரு மணி அடித்துக் கட்டானதும் போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினாள்.

முருகேசன் தேர்தல் மாதிரியே பூத்துக்கு ஒரு ஆள் போட்டுவிட்டான். ராத்திரி வரைக்கும் எங்கள் வார்டில் ஒரு போனும் சும்மா இருக்கவில்லை என்று கேள்வி.

“சாய்ஞ்சு உட்காருங்க மைனி.”

“தலையில எண்ணெய் இருக்கு.”

“இப்பம் டைல்சுதானே. தொடைச்சாப் போயிரும்.”

சாய்ந்தேன். டைல்ஸ் சில்லென்று இருந்தது.

ஒரே ஒரு பாட்டு

மாரி தோற்றுப்போனாள். எங்கள் ஒரு வார்டு எம்மாத்திரம்? “கோயமுத்தூர்க்காரிக்குக் கூட்டணி பலம் அத்தை” என்று முருகேசன் ஆறுதல் சொன்னான்.

காலை ரயிலில் வந்து இறங்கியவளுக்குக் கணேசன் வழியிலேயே எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறான். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“அத்தை, நீங்க சண்முகத்துச் சித்தி வீட்டுக்கா போனிய?”

“போனேன்.”

“உள்ள போனியளா?”

“போனேம்ட்டி. காப்பியும் குடிச்சேன். சீனி கூடுதல்.”

அவள் தோற்றதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சண்முகத்தம்மாள் எங்களைக் கூப்பிட்டனுப்பினாள். போனோம். டிவியில் அவளுடைய சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அதை அணைத்தாள். முருகேசன், “எம்மா, ஒனக்கு மேலுக்கு முடியலையா?” என்று கேட்டான். அந்த நேரத்தில் அந்த டிவி அணைந்து அவன் பார்த்ததில்லையாம்.

“ஏட்டி மாரி, அங்கன பாடாமப் போன பாட்டை இங்கன பாடு. டிவிக்கு முன்னாடி நின்னு பாடு. அப்பத்தான் எனக்கும் பழகின மாதிரி இருக்கும்.”

மாரி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அணைத்த டிவிக்கு முன்னால் நின்றாள். கிரைண்டர் இல்லை, வயலின் இல்லை. அடுப்படியில் குக்கர் ஒரு சத்தம் போட்டது. பாதியில் முருகேசனுக்குப் போன் வந்தது. கட்சி ஆபீஸ் என்று பேர் தெரிந்தது. வெட்டிவிட்டான். மாரி வெட்கப்பட்டு நிறுத்தவில்லை. கடைசி வரிவரைக்கும் பாடினாள். கையைத் தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

சண்முகத்தம்மாள் மட்டும், “இதுல மூச்சு வாங்கலை” என்றாள்.

மறுபடி தேர்தல் வருகிறது என்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு இனிமேல் கேட்டுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடலாம் என்றிருக்கிறேன். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிட்டது. ஓட்டு யாருக்கு என்பது என்னோடு இருக்கும்.

ஏட்டி அபி, போதும், எழுதியதை வாசி. முதலிலிருந்தே வாசி. அந்தத் தெருப்பக்கத்துச் சன்னலைத் திறந்துவிட்டு வாசி. எண்ணெய்த் தலை வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக. அவளுக்குத்தான் ஞாபகம் இல்லையே, கேட்டுக்கொள்ளட்டும்.